மின்னஞ்சல் முகப்பும் அதன் வாசிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முதலாம் இராசராசன் (985–1014) காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுக்களின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி இடம்பெறுவதை வரலாற்று மாணவர் நன்கறிவர். கல்வெட்டின் உட்பொருள் நிலதானமாகவோ விளக்கெரிக்கும் நிவந்தமாகவோ இருக்கலாம். ஆயின் அது எந்த மன்னனுடைய எந்த ஆட்சியாண்டிற்குரியது என்பதைத் தொடக்கப் பகுதியே உணர்த்துகின்றது. அப்பகுதி சிதைந்துவிடின் எஞ்சிய செய்தி காலமும் இடமும் அற்ற வெறுஞ் செய்தியாகிவிடும். மின்னஞ்சலிலும் இத்தகையதொரு பகுதி உண்டு. அனுப்பியவர், பெறுபவர், நாள், பொருள் ஆகியவற்றைத் தாங்கி மடலின் உடலுக்கு முன்னே நிற்கும் வரிகளே அவை. அவற்றை முகப்பு எனவும், முகப்பின் ஒவ்வோர் உறுப்பையும் புலம் எனவும் இக்கட்டுரை வழங்கும்.

மின்னஞ்சலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் பரவலையுமே பேசுவர். முகப்பு எவ்வாறு தோன்றியது, அதனைச் செய்நிரல்கள் எவ்வாறு பிரித்தெடுக்கலாயின, ஆங்கிலமல்லாத மொழிகள் அதனுள் எவ்வழியாக நுழைந்தன என்னும் வினாக்கள் தொழில்நுட்பருக்கே உரியனவென ஒதுக்கப்படுவதுண்டு. அவ்வாறு ஒதுக்குதல் தகாது. ஒரு மொழியைப் பேசுவோர் தம் பெயரைத் தம் எழுத்தில் எழுதி அனுப்பும் உரிமையும், எதிர்கால ஆய்வாளர் இக்காலத்து மடல்களைச் சான்றாகக் கொள்ளும் வாய்ப்பும் இவ்வினாக்களோடு பிணைந்துள்ளன.

முகப்பின் தோற்றம்

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் றே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர் ஆர்ப்பாநெற் வலையமைப்பின் ஊடாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் முறையை அமைத்தார். பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட @ என்னும் குறியைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. அக்காலத்தில் மடல் என்பது பெறுபவரின் கோப்பு ஒன்றின் இறுதியில் ஒட்டப்படும் எழுத்துத் தொடரேயாகும். வாசிக்க விரும்புபவர் அக்கோப்பினை முதலிலிருந்து இறுதிவரை அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1972இல் ஆர்ப்பா நிறுவனத்தைச் சேர்ந்த லோறன்ஸ் றொபேட்ஸ், தமக்கு வந்து குவிந்த மடல்களைப் பட்டியலிட்டுத் தேர்ந்து வாசிக்கவும் சேமிக்கவும் ஒரு செய்நிரலை ஆக்கினார். ஆர்.டி. எனப்பட்ட அது ரெக்கோ என்னும் பதிப்புச் செய்நிரலின் கட்டளைத் தொகுதிகளால் அமைந்தது. அஞ்சலை வாசிக்கும் கருவி, பயனர் தாமே கட்டளை எழுதி மாற்றியமைக்கத்தக்க ஒரு பதிப்புக் கருவியின் வயிற்றிலேயே பிறந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. செய்நிரற்படுத்தத்தக்க அஞ்சற் கருவி பிற்காலத்து ஆடம்பரமன்று. அது தொடக்கத்திலேயே இருந்தது.

பட்டியலிட வேண்டுமாயின் யார் எழுதினார், எதைப்பற்றி எழுதினார் என்பவற்றைச் செய்நிரல் கண்டறிதல் வேண்டும். அக்காலத்தில் ஒவ்வொரு கணினியும் இவ்விவரங்களைத் தனக்குரிய முறையில் எழுதியது. இதனைச் சீர்செய்ய 1973 செப்டெம்பரில் 561ஆம் இலக்க ஆர்.எவ்.சி. ஆவணம் வெளிவந்தது. அபய் பூஷன், கென் பொக்ரன், ரொம்லின்சன், ஜிம் வைற் ஆகிய நால்வரும் அதன் ஆசிரியர்கள். அவர்களுள் அபய் பூஷன் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்றவர். புலத்தின் பெயர், அதனையடுத்து ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் அதன் பெறுமானம். முகப்பு முடிந்தபின் ஒரு வெற்றுவரி. அதன்பின் மடலின் உடல். இவ்வெளிய அமைப்பு அரை நூற்றாண்டு கடந்த பின்னும் மாறாது நிலைத்திருக்கின்றது.

1975இல் ஜோன் விற்றல் ஆக்கிய எம்.எஸ்.ஜி. என்னும் செய்நிரல், வந்த மடலுக்கு மறுமொழி எழுதும் கட்டளை ஒன்றைத் தந்தது. இதனால் முகப்பின் இயல்பே மாறியது எனலாம். அதுவரை முகப்பு மனிதர் கண்ணுக்கு எழுதப்பட்டது. அனுப்பியவர் பெயரைச் சற்றுப் பிழைபட எழுதினும் வாசிப்பவர் உய்த்துணர்வர். மறுமொழிக் கட்டளை வந்தபின், முகவரியைப் பிரித்தெடுத்து அதனைப் புதிய மடலின் பெறுநராக்கும் பொறுப்பு இயந்திரத்தின்பாற் சென்றது. இயந்திரம் உய்த்துணராது, ஆதலின் இலக்கணம் தேவையாயிற்று.

அவ்விலக்கணத்தைப் பற்றிய விவாதங்கள் கடுமையாயிருந்தன. முகப்பில் எவ்வளவு விவரம் இருத்தல் வேண்டும், அதில் எவ்வளவு வாசகருக்குக் காட்டப்படல் வேண்டும் என்பவற்றில் ஒருமைப்பாடு இருக்கவில்லை. @ என்னும் குறிகூட எல்லோருக்கும் உவப்பானதாயில்லை. மல்ரிக்ஸ் இயங்குமுறையில் அக்குறி தட்டெழுதிய வரி முழுவதையும் அழிக்கும் கட்டளையாக இருந்தது. எனவே 1977 நவம்பரில் டேவிட் குறொக்கர், விற்றல், பொக்ரன், ஒஸ்ரின் ஹென்டர்சன் ஆகியோர் வெளியிட்ட 733ஆம் ஆவணம் அக்குறியோடு அதே பொருளுடைய ஆங்கிலச் சொல்லையும் ஏற்றுக்கொண்டது. 1982 ஓகஸ்ற்றில் குறொக்கர் வெளியிட்ட 822ஆம் ஆவணம் அச்சொல்லை நீக்கிக் குறியை மட்டும் நிறுத்தியது. அவ்வாவணமே பின்வந்த நியமங்களுக்கெல்லாம் மூலமாயிற்று. 2001இலும் 2008இலும் அது திருத்தி வெளியிடப்பட்டது.

கருவிகளின் வளர்ச்சி

இலக்கணம் உறுதிப்பட்டதும் கருவிகள் விரிவடைந்தன. 1979இல் றான்ட் நிறுவனத்தில் புறூஸ் போர்டன் எம்.எச். என்னும் அஞ்சல் முறைமையை எழுதினார். அதில் ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பு. பட்டியலிடல், காட்டல், மறுமொழி எழுதல் ஆகிய ஒவ்வொன்றும் தனிச் செய்நிரல். மடல்கள் சாதாரணக் கோப்புக்களாகவே இருந்தமையால் பயனர் தாம் எழுதிய சிறு செய்நிரல்களையும் அவற்றின்மீது ஏவ முடிந்தது. பின்னர் இம்முறைமை விருத்தியுற்றபோது, எந்தப் புலத்தை எடுப்பது, எத்தனை எழுத்தகலத்தில் காட்டுவது, புலம் இல்லாவிடின் எதனைக் காட்டுவது என்பவற்றைப் பயனரே எழுதித் தரத்தக்க ஒரு சிறிய வடிவமொழியும் அதனுட் சேர்ந்தது. ஈமாக்ஸ் பதிப்பியினுள் எழுந்த அஞ்சற் கருவிகளோ அப்பதிப்பியின் லிஸ்ப் மொழி முழுவதையும் பயனரிடம் ஒப்படைத்தன.

இக்கருவிகள் யாவற்றிலும் ஓர் அடிப்படை எண்ணம் மறைந்திருந்தது. புலத்தின் பெயரைத் தேடி, முக்காற்புள்ளிக்குப் பின்னுள்ளதை எடுத்தால், எடுத்ததுவே வாசிக்கத்தக்க உரை என்பதே அவ்வெண்ணம். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அது பொய்யன்று. பிறமொழிகளைப் பொறுத்தவரை அது உண்மையன்று.

ஏழு பிற்றுக்களின் எல்லை

1963இல் முதலில் வெளியான ஆஸ்கி நியமம் ஏழு பிற்றுக்களைக் கொண்டது. அதில் 128 இடங்களே உள. உரோம எழுத்துக்களும் எண்களும் குறிகளும் கட்டுப்பாட்டு வரியுருக்களும் அவற்றை நிரப்பிவிட்டன. 1982இன் நியமங்கள் அஞ்சலை ஆஸ்கிக்குள் வரையறுத்தன. எட்டாவது பிற்று சுழியமாக இருத்தல் வேண்டும் என்பது விதி. சில இடைநிலைக் கணினிகள் அப்பிற்றில் எது இருப்பினும் அதனைச் சுழியமாக்கியே அனுப்பின. எட்டுப் பிற்றுக்களில் எழுதிய எழுத்து வழியிலேயே வேறோர் எழுத்தாக உருமாறும் இடர் இதனால் நேர்ந்தது.

இதனை எதிர்கொண்டவர்களுள் யப்பானியர் முற்பட்டவர். 1984இல் அங்கு தொடங்கிய ஜேயூநெற் வலையமைப்பில், ஒரு விடுகுறித் தொடரை இட்டு அதன்பின் யப்பானிய எழுத்தொன்றை ஈரிரண்டு ஏழுபிற்று அலகுகளால் எழுதும் முறை வழங்கியது. உடற்பகுதிக்கு அது போதுமானதாயிருந்தது. முகப்பிலோ வேறொரு சிக்கல் தோன்றியது. யப்பானிய எழுத்தின் பாதியாக வரும் அலகு, அடைப்புக்குறியாகவோ மேற்கோட்குறியாகவோ @ குறியாகவோ தோற்றமளிக்கலாம். முகப்பின் இலக்கணமோ அக்குறிகளையே எல்லைக்கற்களாகக் கொண்டது. எனவே எழுத்தை இலக்கணமென மயங்கும் நிலை ஏற்பட்டது.

இதற்குப் பொதுவானதொரு தீர்வு 1992 யூனில் வந்தது. நதானியேல் போறன்ஸ்ரைனும் நெட் பிறீடும் மைம் என்னும் நியமத்தை 1341ஆம் ஆவணமாக வெளியிட்டனர். அதற்குத் துணையாக, முகப்பில் ஆஸ்கி அல்லாத எழுத்துக்களை எழுதும் முறையைக் கீத் மூர் 1342ஆம் ஆவணமாக வெளியிட்டார். 1996 நவம்பரில் அது 2047ஆம் ஆவணமாகத் திருத்தம் பெற்றது. முகப்பின் இலக்கணத்தையோ இடைநிலைக் கணினிகளையோ மாற்ற முடியாத நிலையில், பிறமொழிச் சொல்லை ஆஸ்கி வேடமிட்டு அனுப்புவதே மூரின் வழி. வேடமிட்ட சொல் =? என்று தொடங்கி ?= என்று முடியும். அதனுள் வரியுருத் தொகுதியின் பெயர், குறிமுறையின் அடையாள எழுத்து, குறிமுறைப்படுத்திய உரை என்னும் மூன்று கூறுகள் வினாக்குறியாற் பிரிக்கப்பட்டிருக்கும். குறிமுறைகள் இரண்டு. கியூ எனப்படுவது ஒவ்வொரு பைற்றையும் ஒரு சமக்குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக எழுதுவது. பீ எனப்படுவது மூன்று பைற்றுக்களை நான்கு ஆஸ்கி வரியுருக்களாக எழுதுவது.

தமிழுக்கு நேர்ந்தது

1991இல் வெளியான யுனிக்கோட் நியமத்தின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் அது அன்றாட வழக்கிற்கு வர ஆண்டுகள் பல சென்றன. 1990களில் தமிழில் மின்னஞ்சல் எழுதியோர் உரோம எழுத்தில் ஒலிபெயர்த்தனர். அல்லது தத்தம் எழுத்துருவுக்கேற்ற எட்டுப்பிற்றுக் குறிமுறைகளைக் கையாண்டனர். கீழ்ப்பாதியில் உரோம எழுத்தையும் மேற்பாதியில் தமிழையும் கொண்ட தஸ்கி அவற்றுள் பெயர்பெற்றது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ராம், ராப் என்னும் வேறிரு குறிமுறைகளை ஏற்றது. இவற்றுட் பல சர்வதேசப் பதிவேட்டில் அக்காலத்தில் இடம்பெறவில்லை. ஆதலின் வேடமிட்ட சொல்லில் வரியுருத் தொகுதியின் பெயர் வரவேண்டிய இடத்தில் பயனரே வரையறுத்தது என்னும் பொதுக்குறிப்போ, மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய தொகுதியின் பெயரோ வந்தது. அவ்வாறான மடலை விதிவழுவாது அவிழ்த்தாலும் கிடைப்பது தமிழன்று; உச்சரிப்புக் குறிகளோடு கூடிய உரோம எழுத்துக் குவியலே. விதி பிழைபடவில்லை, மடல் தன்னைப்பற்றிக் கூறிய கூற்றே பிழைபட்டது.

1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யூ.ரீ.எவ். 8 குறிமுறை பரவியபின் நிலைமை சீரடைந்தது. அதில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைற்றுக்களைக் கொள்கின்றது. பீ குறிமுறையும் மும்மூன்று பைற்றுக்களாகவே கொள்வதால், தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மிகச் சரியாக நான்கு வரியுருக்களாகின்றது. மேலும் தமிழ்த் தொகுதியின் பைற்றுக்கள் எல்லாம் ஒரேவகைத் தொடக்கமுடையன. ஆதலின் இடையில் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வராத தமிழ்ச்சொல்லை இவ்வாறு எழுதும்போது, ஒவ்வொரு நான்கு வரியுருக்களும் 4 என்னும் இலக்கத்தோடும் கே என்னும் உரோம எழுத்தோடும் தொடங்கி, அடுத்து 6 என்னும் இலக்கத்தையோ கூட்டற்குறியையோ பெறும். பழகிய கண் அவிழ்க்காமலே அது தமிழென அறிந்துகொள்ளும்.

இதன் விலையையும் கணக்கிடுதல் வேண்டும். தமிழ் என்னும் சொல் வாசிப்பவருக்கு மூன்றெழுத்து. யுனிக்கோட் முறையில் அது ஐந்து குறியெண், யூ.ரீ.எவ். 8இல் பதினைந்து பைற்று. பீ குறிமுறையில் இருபது வரியுரு. தொகுதியின் பெயரும் எல்லைக்குறிகளும் சேர முப்பத்திரண்டு. கியூ குறிமுறையில் உரை மட்டுமே நாற்பத்தைந்து வரியுருக்களாகும். வேடமிட்ட சொல்லொன்று 75 வரியுருக்களுக்கு மேற்படலாகாது என்பது விதி. எனவே ஒரு சொல்லுள் அடங்கக்கூடிய தமிழ்க் குறியெண்கள் பீ குறிமுறையில் பதினைந்தே, கியூவில் ஏழே. சற்று நீண்ட தமிழ்த் தலைப்பு எதுவாயினும் துண்டுபட்டே பயணஞ்செய்யும். பிரித்தெடுக்கும் செய்நிரலின் திறமை தமிழ் மடலில் ஒவ்வொரு நாளும் சோதிக்கப்படுவது இதனாலேயே.

வாசிப்பின் ஒழுங்கு

முகப்பை வாசித்தல் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட செயல். முதலில் வெற்றுவரியைக் கண்டு முகப்பையும் உடலையும் பிரித்தல் வேண்டும். அடுத்து, இடைவெளியோடு தொடங்கும் வரி முன்வரியின் தொடர்ச்சியாதலின், மடிந்த வரிகளை ஒன்றாக்குதல் வேண்டும். இதனைத் தவறவிடும் செய்நிரல் நீண்ட தலைப்பின் முதற்றுண்டை மட்டும் காட்டும். பின்னர் முதல் முக்காற்புள்ளியிற் பெயரையும் பெறுமானத்தையும் பிரித்தல் வேண்டும். தலைப்பிலேயே முக்காற்புள்ளி வரலாமாதலின் முதலாவதில் நிறுத்துதல் இன்றியமையாதது. அதன்பின் அவிழ்த்தல் நிகழும். அடுத்தடுத்து வரும் வேடமிட்ட சொற்களுக்கிடையேயுள்ள இடைவெளி பொருளற்றது. அதனை நீக்கியே இணைத்தல் வேண்டும். நீக்காவிடின், ஒரு துண்டின் இறுதியில் மகரமும் அடுத்த துண்டின் தொடக்கத்தில் இகரக் குறியும் நிற்க நேரும்போது, ‘மி’ என்னும் எழுத்து பிளவுண்டு குறி தனித்து நிற்கும். ஒரு குறியெண்ணின் பைற்றுக்களை இரு துண்டுகளிற் பிரித்தலாகாது என்பதும் விதி. அதனை மீறி அனுப்பும் செய்நிரல்களும் உள.

முகவரிப் புலங்களில் ஒழுங்கு மேலும் நுட்பமானது. அங்கு இலக்கணப் பகுப்பு முன்னும் அவிழ்த்தல் பின்னும் நிகழ்தல் வேண்டும். அனுப்பியவரின் பெயருக்குள் காற்புள்ளி ஒன்று வேடத்துள் மறைந்திருப்பதாகக் கொள்ளின், அவிழ்த்தபின் பகுக்கும் செய்நிரல் அக்காற்புள்ளியை இரு முகவரிகளின் எல்லையாக மயங்கும். ஒருவர் இருவராவார், மறுமொழி இல்லாத ஒருவருக்குச் செல்லும்.

இவ்வொழுங்கின் மீறல் வெறும் அலங்கோலத்தோடு நின்றுவிடுவதன்று. முகவரியின் உள்ளே வேடமிட்ட சொல் வரலாகாது என நியமம் விதித்திருந்தும், பல கருவிகள் அங்கும் அவிழ்த்தன. 2017 டிசெம்பரில் மெயில்ஸ்புளொயிற் என்னும் பெயரில் வெளியிடப்பட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டியது. முகவரியின் முன்பகுதியுள் வேறொருவரின் முழு முகவரியையும் வேடமிட்டு வைத்து, அதன்பின் ஒரு வெற்று வரியுருவைச் சேர்த்தால், கருவி அதனை அவிழ்த்து, வெற்று வரியுருவோடு நின்று, பொய் முகவரியையே வாசகருக்குக் காட்டியது. முப்பதுக்கும் மேற்பட்ட அஞ்சற் கருவிகள் இவ்வாறு ஏமாற்றத்தக்கனவாய்க் காணப்பட்டன. அயல்மொழிப் பெயர்களுக்கு இடமளிக்க வந்த ஏற்பாடு, ஒழுங்கின்றிக் கையாளப்பட்டபோது ஆள்மாறாட்டத்திற்குத் துணைபோயிற்று.

சான்றாக முகப்பு

வரலாற்று மாணவருக்கு இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. முகப்பின் எல்லாப் புலங்களும் ஒரே மதிப்புடையன அல்ல. அனுப்பியவர் பெயரும் நாளும் அனுப்புபவரின் கூற்றுக்களே. அவற்றைப் பொய்யாக எழுதுதல் எளிது. மடல் கடந்துவந்த சேவையகங்கள் தத்தம் பங்கிற்கு இடும் பெறுகைக் குறிப்புக்கள் வேறு வகையின. ஒவ்வொரு சேவையகமும் தன் குறிப்பை மேலே சேர்ப்பதால், பயணத்தின் வரலாற்றை அறியக் கீழிருந்து மேலாக வாசித்தல் வேண்டும். அவற்றுள்ளும் நம்பத்தக்க சேவையகம் இட்டவற்றையே உறுதியாகக் கொள்ளலாம். மெய்க்கீர்த்தியின் புகழுரையையும் ஆட்சியாண்டையும் வேறுவேறு அளவுகோலால் அளக்கப் பழகியவருக்கு இது புதிதன்று.

இரண்டாவது, அவிழ்த்த உரை மூலமன்று. அது மூலத்தின் ஒரு வாசிப்பே. 2007 முதல் நியமமாகியுள்ள டிக்கிம் கையொப்பம் முகப்பின் மூலவடிவத்தின்மீதே கணிக்கப்படுகின்றது. அவிழ்த்து அழகுபடுத்திச் சேமித்த படியைக்கொண்டு அதனைச் சரிபார்த்தல் இயலாது. 1990களின் தமிழ் மடல்களில் இவ்வுண்மை மேலும் கூர்மையாகத் தோன்றுகின்றது. தவறான தொகுதிப் பெயரோடு வந்த மடலை அன்றைய கருவி அவிழ்த்தவாறே ஒருவர் சேமித்திருப்பின், பொருந்தாத பைற்றுக்கள் வினாக்குறிகளாக மாறியிருக்கலாம். அவற்றை மீட்க வழியில்லை. மூலப் பைற்றுக்களை அவ்வாறே வைத்திருப்பின், அவை எந்தக் குறிமுறைக்குரியவை என ஆராய்ந்து பின்னொருநாள் சரியாக வாசிக்கலாம். ஏட்டுச் சுவடிகளிற் புள்ளி இடப்படாமையால் மெய்யோ உயிர்மெய்யோ, குறிலோ நெடிலோ எனப் பதிப்பாசிரியர் இடர்ப்பட்டமை தமிழறிஞர் அறிந்ததே. அவர்கள் தீர்மானித்த பாடங்களை இன்று மறுபரிசீலனை செய்ய முடிவதற்குக் காரணம், எஞ்சிய சுவடிகள் சில இன்னும் இருத்தலேயாகும்.

முடிவாக, முகப்பின் வரலாறு ஒரு மொழியின் எல்லைகள் எல்லா மொழிகளுக்கும் உரிய எல்லைகளாகக் கொள்ளப்பட்டமையையும், அவ்வெல்லைகள் படிப்படியாகத் தளர்ந்தமையையும் காட்டுகின்றது. 2012 பெப்ரவரியில் வெளியான 6531ஆம், 6532ஆம் ஆவணங்கள் யூ.ரீ.எவ். 8 எழுத்துக்களை வேடமின்றி முகப்பிலும் முகவரியிலும் எழுத இடமளித்துள்ளன. இலங்கை என்னும் தமிழ்ப் பெயரே 2010இல் இணையத்தின் மேல்நிலைப் பெயர்களுள் ஒன்றாயிற்று. ஆயின் மடல் செல்லும் வழியிலுள்ள சேவையகங்கள் யாவும் புதிய முறையை ஏற்றாலன்றி அது பயன்தராது. ஆதலின் வேடமிட்ட சொற்கள் இன்னும் வழக்கொழியவில்லை. அவை வழக்கொழிந்த பின்னும், அதுவரை எழுதப்பட்ட மடல்கள் அவ்வேடத்துடனேயே இருக்கும். அவற்றை வாசிக்க விழைபவர், எடுத்ததுவே உரையெனக் கொள்ளாது, மடல் தன்னைப்பற்றிக் கூறுவதையும் அது உண்மையில் எவ்வாறு உள்ளது என்பதையும் ஒப்புநோக்கும் பயிற்சியைப் பெறுதல் வேண்டும். அப்பயிற்சி கணினித் துறையினருக்கு மட்டும் உரியதன்று. மூலச் சான்றுகளைக் கையாளும் எவருக்கும் உரியதேயாகும்.